பெரிய போன் விற்காதவள்

போன் விற்கிற வேலையில் கால்வலியைவிட வாய்வலிதான் அதிகம். "லேட்டஸ்ட் மாடல் எடுங்க" என்று சொல்லிச்சொல்லி வாய் ஓய்ந்துபோன என் சக கவுண்டர்வாசிகளே, இது உங்களுக்காகத்தான். தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் நாலு வருஷமாக நிற்கிறேன். தேவைக்கு மேலே ஒரு போனை யார் தலையிலும் கட்டமாட்டேன். இந்தப் பிடிவாதம் சும்மா வரவில்லை.

எண்ணெய்க் கை

வேலைக்குச் சேர்ந்த புதிது, குற்றாலத்தில் சீசன். சிவகிரியில் இருந்து வந்த அண்ணாச்சி ஒருவர், அருவிக்குள் நின்று படம் எடுக்கணும், தண்ணீருக்குத் தாங்குகிற போன் வேணும் என்றார். இருப்பதிலேயே விலை கூடினதை நீட்டினேன். வாளியில் முக்கினாலும் ஒன்றும் ஆகாது என்று அளந்தும் விட்டேன்.

மறுநாள் சாயங்காலம் அதே அண்ணாச்சி, அதே போன், கண்ணாடி மட்டும் சில்லுச்சில்லாக. குற்றாலத்துக்கு வந்து எண்ணெய் தேய்க்காமல் யார் குளிப்பார்? மசாஜ் முடிந்து, உடம்பெல்லாம் எண்ணெய் வழிய, போனும் கையுமாக அருவிக்குப் போயிருக்கிறார். வழுக்கிப் பாறையில் விழுந்துவிட்டது. இந்த ஊர்க்காரி நான், எனக்கல்லவா அது தோன்றியிருக்க வேண்டும். வெட்கமாகப் போய்விட்டது. அவர் சண்டைகூடப் போடவில்லை. "தண்ணிக்குத் தாங்கும்னு சொன்னியளே, எண்ணெய்க்குத் தாங்காதுன்னு ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

ரோட்டில் ஒரு பேச்சு

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். யாரிடம் பேசுவீங்க, எங்கே இருந்து பேசுவீங்க என்றுதான் முதலில் கேட்பேன். பிறகு டெமோ போனில் அவர்கள் சிம்மைப் போட்டு, வாசலுக்குக் கூட்டிப்போய், பஸ் ஹாரனுக்கு நடுவே பேசிப் பார்க்கச் சொல்வேன்.

குத்துக்கல்வலசையில் இருந்து ஒரு தம்பதி வந்தார்கள். மகன் ராணுவத்தில். சிக்னல் கிடைக்கிற நேரம்தான் கூப்பிடுவானாம், அந்த நேரம் பார்த்துப் பழைய போன் அணைந்துவிடுமாம். அப்பாவுக்கு நாலு கேமரா வைத்த பெரிய போன் மேல் கண். நான் பேட்டரி நிற்கிற, சத்தம் நன்றாகக் கேட்கிற சாதாரண போனைக் கொடுத்து ரோட்டில் நிறுத்தினேன். உள்ளே இருந்து நானே கூப்பிட்டேன். அந்த அம்மா பேசி முடித்துவிட்டு வீட்டுக்காரரிடம் சொன்னார்: "அவன் குரல் கேட்டாப் போதும். நம்ம மூஞ்சியப் படம் பிடிச்சு யாரு பாக்கப் போறா?"

மாசக் கடைசி

இந்த மாசம் ஒரு பெரிய போனாவது விற்காவிட்டால், போனுக்குக் கவர் போட்டு டெம்பர் கண்ணாடி ஒட்டுகிற பின் மேசைக்கு அனுப்பிவிடுவேன் என்றார் மேனேஜர். கவுண்டர் என் இடம். அதை விட மனசில்லை. பயந்துதான் போனேன்.

கடைசி நாள், செங்கோட்டையில் இருந்து அப்பாவும் மகளும் வந்தார்கள். மகள் போலீஸ் தேர்வுக்குப் படிக்கிறாள். கூடப் படிக்கிறவள் வைத்திருக்கிற பெரிய போன்தான் வேணும் என்று ஒரே பிடி. அப்பா அரைமனசோடு தவணைப் பேப்பரில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார். மேனேஜர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். முடியவில்லை. அதில் என்னம்மா பார்ப்பே என்று கேட்டேன். ரயிலில் போகையில் பாடம் நடத்துகிற வீடியோ, பழைய கேள்வித்தாள், அவ்வளவுதான் என்றாள். பேனாவை மூடச் சொல்லிவிட்டு, அகலத் திரையும் நாள் முழுக்க நிற்கிற பேட்டரியும் உள்ள நடுத்தர போனைக் கொடுத்தேன். உம்மென்றுதான் வாங்கிப் போனாள். மறுநாள் எனக்குப் பின் மேசை.

மூணு வாரம் கழித்துத் தோழிக்குப் போன் வாங்கக் கூட்டிக்கொண்டு அவளே வந்தாள். கவுண்டரைத் தாண்டி நேராக என்னிடம் வந்து நின்றாள். போன் அங்கன இருக்கு, இங்கன கவர் மட்டுந்தான் என்று மேனேஜர் சொல்லிப் பார்த்தார். அவள் அசையவில்லை. "அக்கா எந்தப் போனுக்குக் கவர் எடுக்காங்களோ, அந்தப் போனை அங்கன இருந்து எடுத்துக் குடுங்க சார்."

மேனேஜர் இன்னும் என்னைக் கவுண்டருக்கு மாற்றவில்லை, அவள் சொல்லி வருகிறவர்களும் நேரே என் மேசைக்குத்தான் வருகிறார்கள், ஆகவே ஆட்கள் முதலில் கவரையும் பிறகு போனையும் வாங்குகிற ஒரே கடை தென்காசியில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.