அமைச்சர் வீட்டில் அம்மா வாய்திறந்த நாள்

எங்கள் அம்மா வடமராட்சியில் ஒரு தபாற்காரரின் மூத்த மகளாகப் பிறந்தவர். எனக்கு ஒன்பது வயதில் அப்பா காலமானார். என்னைச் சித்தியிடம் விட்டுவிட்டு அம்மா தனியாக இத்தாலியின் பலேர்மோ நகருக்கு வந்தார். அங்கே சீசா என்ற பகுதியில் மூன்று பெண்களுடன் ஓர் அறையில் இருந்துகொண்டு வீடுகள் கூட்டித் துடைத்தார். பின்னர் லிபெர்த்தா வீதியில், ஓய்வுபெற்ற அமைச்சர் ஒருவரைப் பராமரிக்கும் வேலை கிடைத்தது. அங்கே பன்னிரண்டு ஆண்டுகள் வேலை செய்தார்.

அந்த ஐயா சட்டத்தரணியாகத் தொடங்கி, பழமைவாதக் கட்சியில் பாராளுமன்றம் போய், இருமுறை அமைச்சரானவர். பதவி போனபின் கட்சிக்காரர் வருவது குறைந்தது. பாரிசவாதம் வந்தபின் நின்றேவிட்டது. கடுமையானவர், ஆனால் பொய் சொல்லாதவர் என்பார் அம்மா.

ஒருநாள் பத்திரிகையாளர் ஒருவர் அவருடைய அரசியல் வாழ்வைப் பற்றி எழுத வந்தார். எதை எண்ணிப் பெருமைப்படுகிறீர்கள் என்று கேட்டார். வெளிநாட்டவர் தம் குடும்பத்தை இங்கே அழைப்பதற்குத் தாம் கொண்டுவந்த கட்டுப்பாடுகளைச் சொன்னார் ஐயா. கோப்பி கொண்டுபோன அம்மா தட்டை மேசையில் வைத்தார். அப்போது அவர்களிடம் இத்தாலிய மொழியில் தாம் சொன்னதை, பின்னர் எனக்கு இப்படித் திருப்பிச் சொன்னார்:

"அந்தச் சட்டத்தாலை என்ரை மகள் ஆறு வரியம் பிந்தித்தான் வந்தவள். எயார்போட்டிலை என்னைவிட உயரமா நிண்டாள். எனக்கு ஆளை மட்டுக்கட்டேலாமல் போச்சு."

அன்று வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அம்மா கதிரையில் இருந்தார். "வேலை போனால் இங்கை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோவும் புதுப்பிக்கேலாது பிள்ளை."

"பிறகேனம்மா கதைச்சனீங்கள்?"

"வாயிலை வந்திட்டுது."

மறுநாள் ஐயா கேட்டாராம்: "ஏன் இவ்வளவு காலமும் சொல்லவில்லை?"

"நீங்கள் கேக்கேல்லை."

"அந்தச் சட்டம் தேவை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதனால் பாதிக்கப்பட்ட ஒருவரோடும் நான் பேசியதில்லை" என்றார் ஐயா. பத்திரிகையாளரைத் திரும்ப அழைத்து, அம்மா சொன்னதையும் சேர்த்து எழுதவைத்தார். அது அப்படியே அச்சில் வந்தது.

ஐயா காலமானபோது, பொலிதேயாமா அரங்குக்கு அருகிலுள்ள தேவாலயத்தில் அவருடைய மகள் அம்மாவைக் குடும்பத்தவரின் வரிசையில் இருத்தினார்.

சென்ற ஆண்டு அம்மா நோயில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் ஒருநாள், ஐயாமீது கோபமே இருக்கவில்லையா என்று கேட்டேன்.

"இருந்தது. அதுக்காக மனுசனைப் பசியோடை விடேலுமே?"

அந்த நாட்களில் எங்களோடு நின்ற சீசா அயலவருக்கும், அம்மா காலமானபின் எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கு வந்து சமைத்த மொரீசியஸ் சகோதரிகளுக்கும், சித்திக்கும் என் நன்றி. நான் வேலைக்குப் போன பிற்பகல்களில் அம்மாவின் அருகில் இருந்தவர் ஐயாவின் மகள். இன்றைய திவசத்துக்கும் வருகிறார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. சாப்பாடு முடிந்ததும் பக்கத்தில் இருந்து, அவருடைய தந்தையைப் பற்றி எழுதியதில் ஒரு வரியும் விடாமல், இதை இத்தாலிய மொழியில் சொல்லப்போகிறேன்.

— மகள்