செவலி கடித்த பலாமரக் கால்

ஈரமான பலாமரத்தைப் பல்லால் சுரண்டினால் ஒரு வாசனை வரும். பழத்தின் வாசனை அல்ல. புளித்த மோரில் மரத்தூளைக் கரைத்தது போல மூக்கிலேயே தங்கிவிடும் வாசனை. நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடத்து மழைக்காலம் முழுவதும் எங்கள் வீட்டு வாசலில் அந்த வாசனைதான் இருந்தது, கூடவே ‘கரக் கரக்’ என்ற சத்தமும். எங்கள் குதிரை செவலி, தானியப் பரணின் காலைக் கடித்துக்கொண்டிருந்த சத்தம் அது.

கொல்லிமலையில் எடப்புளி நாட்டுப் பக்கம், அதுவரை ரோடு வராத ஊர் எங்களுடையது. அப்பாவின் மட்டக்குதிரை முதுகில்தான் ஊர் மிளகும் பலாப்பழமும் சந்தைக்குப் போகும். உப்பும் மண்ணெண்ணெயும் திரும்பி வரும். அது போகிற வழியெல்லாம் வரப்போரத்துப் புல்லில் ஒரு வாய், மூங்கில் தழையில் ஒரு வாய் என்று கடித்துக்கொண்டே நடக்கும். “நடக்கறதை விட மேயறதுதான் இதுக்கு வேலை” என்று அப்பா கயிற்றைச் சுண்டுவார், ஆனாலும் அது தின்று முடிக்கும்வரை நின்று கொடுப்பார்.

அந்த வருடம் ஊர் வரைக்கும் ரோடு வந்தது, பின்னாலேயே லோடு வண்டியும் வந்தது. ஒரு மாதத்திற்குள் செவலிக்கு வேலை இல்லாமல் போயிற்று. அப்பா அதை வாசலில், பரணின் காலில் கட்டினார். நான்கு பலாமரக் கால்களின் மேல் ஆள் உயரத்தில் பலகை பரப்பி, புல் வேய்ந்த சிறிய அறைதான் பரண். சாப்பிடுகிற சாமையும் கேழ்வரகும், அடுத்த வருடத்து விதையும் அதற்குள்தான் இருக்கும். கட்டிப்போட்டு வளர்ப்பதென்றால் அப்பாவுக்கு மாடுதான் பழக்கம். அதனால் மாடுகளுக்குப் போடுவது போலவே செவலிக்கும் காலையில் ஒரு கட்டு, சாயங்காலம் ஒரு கட்டு என்று புல் போட்டார். கொட்டகையில் மாடுகள் தின்றுவிட்டுப் படுத்து, கண்ணை மூடி அசைபோட்டுக்கொண்டிருக்கும். செவலி தின்றுவிட்டு நின்றுகொண்டே இருக்கும். கொஞ்ச நாளில் மரத்தைக் கடிக்க ஆரம்பித்தது.

“மரத்தைத் தின்ற குதிரை மனையைத் தின்னும்டா. இதை ஊட்டுல வெக்காதே” என்று பெரியப்பா சொன்னார். அப்பா முதலில் காலில் சாணி பூசிப் பார்த்தார். பிறகு பச்சை மிளகை அம்மியில் அரைத்து அப்பினார். அதைப் பார்த்துக்கொண்டு போன பக்கத்து வீட்டுச் சின்னம்மா, “ஏனுங்க மாமா, குதிரைக்கு ரசமுங்களா? புளி கரைச்சுட்டீங்களா, நான் ஊட்டுல இருந்து கொண்டாரட்டுங்களா?” என்று கேட்க, அப்பாவும் சிரித்துவிட்டார். செவலி ஒரு நாள் முழுக்க எச்சிலை வடித்துத் தும்மியது. மறுநாள் மிளகு படாத பின்பக்கத்தைக் கடித்தது. அந்தக் குதிரையைப் பார்த்து அப்பா சிரித்தது அதுதான் கடைசி.

ஐப்பசி அடைமழையில் ஒரு காலையில் பரண் சாய்ந்தது. கடித்துக் கடித்து மணிக்கட்டு அளவுக்கு மெலிந்திருந்த கால் வளைந்து, கூரை பிளந்து, விதைக் கூடைக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. இரண்டு நாளில் சாமை விதை கூடைக்குள்ளேயே முளை விட்டது. அம்மா அதைக் கையில் அள்ளி அள்ளிப் பார்த்துவிட்டுக் கோழிகளுக்குப் போட்டாள். அப்பா பரணுக்கு முட்டுக் கொடுத்து நிமிர்த்திவிட்டு, களத்தில் போரடிக்கும்போது மாடு கதிரைத் தின்னாமல் இருக்கக் கட்டுவோமே, அந்த மூங்கில் ‘வாய்க்கூடு’, அதை எடுத்துவந்து செவலியின் மூஞ்சியில் கட்டினார். தீனி நேரத்துக்கு மட்டும் கழற்றுவார்.

அடுத்த வாரம் மாடுகளுக்குத் தடுப்பூசி போட மாட்டு டாக்டர் வந்தார். நாமக்கல் பக்கத்துக்காரர், கண்ணாடி போட்டவர். அப்பாவும் அம்மாவும் காட்டில் இருந்தார்கள். வீட்டில் நான் மட்டும்தான். அவர் செவலியின் வாய்க்கூட்டைக் கழற்றி, ஈறைத் தடவிப் பார்த்தார். பரண் காலையும் பார்த்தார். பிறகு என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, பெரிய மனுஷியிடம் பேசுவது போலப் பேசினார்.

“இது கெட்ட பழக்கத்துல கடிக்கல கண்ணு. மாடு தின்னதை வெச்சு அசைபோடும். குதிரைக்கு அசை கிடையாது. அதுக்குப் பொழுதன்னிக்கும் வாய் ஆடிக்கிட்டே இருக்கோணும். புல்லு இல்லீன்னா மரத்தைக் கடிக்கும். அப்பாகிட்டச் சொல்லு. ரெண்டு வேளை கட்டு கட்டாப் போடாம, நாள் பூராவும் கொஞ்சங் கொஞ்சமாப் போடச் சொல்லு. நீளக் கயித்துல மேய உடச் சொல்லு. கல்லுப்பு நக்க வெக்கச் சொல்லு. ஒத்தையில கட்டாம மாட்டுக்குப் பக்கத்துல கட்டச் சொல்லு. இந்தக் கூட்டைத் தூக்கிப் போடச் சொல்லு. சொல்லீருவியா சாமி?”

நான் தலையை ஆட்டினேன். வாய்க்கூட்டை என் கையில் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார். அப்பா வருவதற்குள் அதை நானே திரும்பக் கட்டினேன். யார் கழற்றியது என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டுமே என்ற பயம்தான்.

சாயங்காலம் அப்பாவோடு பெரியப்பாவும் வந்தார். கீழ்நாட்டு வியாபாரி ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மலையடிவாரத்துக்கு வருவதாகவும், குதிரையைக் கொடுத்துவிடலாம் என்றும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கதவு வரை போனேன். சொல்ல வேண்டியதை மனதுக்குள் வரிசையாக அடுக்கியும் வைத்திருந்தேன். ஆனால் அப்பா செய்தது தப்பு என்று பெரியப்பாவின் முன்னால் எப்படிச் சொல்வது? “என்ன கண்ணு?” என்று அப்பா கேட்டார். “ஒண்ணுமில்லீங்க” என்றேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாளும் அப்படியே நினைத்தேன்.

சொல்ல முடியாததற்கு ஈடாக, மத்தியானத்தில் யாரும் இல்லாதபோது வாய்க்கூட்டைக் கழற்றி, பாவாடையில் அள்ளி வந்த புல்லைப் போட்டேன். அது அவசரம் அவசரமாகத் தின்னும். அந்த நேரத்தில் ஒரு தடவைகூட மரத்தின் பக்கம் திரும்பவில்லை. தின்று முடித்ததும் நான் வாய்க்கூட்டைக் கையில் எடுப்பேன். எனக்கு உயரம் எட்டாது என்று தெரிந்தது போல அது தலையைத் தாழ்த்தி, மூஞ்சியைத் தானாகவே அதற்குள் கொடுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா செவலியை லோடு வண்டியில் ஏற்றவில்லை. அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் நடத்தியே கூட்டிக்கொண்டு இறங்கினார். இருட்டுகிற நேரத்தில் பஸ்ஸில் திரும்பி வந்தார். மாடு, குதிரை என்று எந்த உருப்படியை விற்றாலும் கயிற்றைக் கொடுக்கக் கூடாது என்பது வழக்கம். அந்தக் கயிற்றைப் பரணில் மாட்டிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். “கீழ போற வரைக்கும் ரோட்டோரமெல்லாம் மேய உட்டேன்” என்று அம்மாவிடம் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

பல வருடங்கள் கழித்து, அப்பா படுக்கையில் விழுந்த கடைசி வருடத்தில்தான் எனக்கு வாய் வந்தது. மாட்டு டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். “அப்போ அது பசியிலயா கடிச்சுது?” என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்போது எங்கள் ஊரில் பரண் எதுவும் இல்லை. சாமை போட்ட காடுகளில் மரவள்ளி நிற்கிறது. ரேஷன் அரிசிக்குப் பரண் தேவையில்லை. சுமை தூக்கிய குதிரைகளைப் பார்த்தவர்களும் குறைந்துவிட்டார்கள். எங்கள் பரணைப் பிரித்தபோது அந்த ஒரு காலை மட்டும் நான் அடுப்புக்குக் கொடுக்கவில்லை. குளியலறைச் சுவரோரம் சாத்தி வைத்திருக்கிறேன், ஈரம் பட்டால் இன்னும் லேசாக அந்த வாசனை வரும். நடுவில் இடுப்புப் போல ஒடுங்கி, விரல் வைத்தால் பல் தடம் தெரியும்.

போன மாதம் செம்மேட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, சுற்றுலா வந்தவர்களின் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிக்காட்டுகிற ஒரு வெள்ளைக் குதிரையைக் கடைக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். ‘கரக் கரக்’ என்று கேட்டது. நான் முன்பின் தெரியாதவர்களிடம் வழிகூடக் கேட்காதவள். எப்படியோ பக்கத்தில் போய்விட்டேன்.

“கெட்ட பழக்கமுங்க்கா” என்றார் குதிரைக்காரர். “காலையிலயும் சாயங்காலமும் வயிறு நிறையத்தான் போடறேன்.”

ஒன்றையும் விடாமல் சொன்னேன். அசை, புல், நீளக் கயிறு, உப்பு, துணை. பாதியில் பஸ் வந்து நின்றது, ஏறவில்லை. அவர் சிரிக்காமல் கேட்டுவிட்டு, ஓரத்திலிருந்து ஒரு பிடி புல்லைப் பிடுங்கி அதன் வாயருகே நீட்டினார். அது கம்பத்தை விட்டுவிட்டு அதைத் தின்ன ஆரம்பித்தது.

“இதெல்லாம் யாருங்க்கா உங்களுக்குச் சொன்னது?”

“ஒரு மாட்டு டாக்டருங்க” என்றேன். “எங்கப்பாகிட்டச் சொல்லச் சொன்னாரு.”