எண்ணி எடுத்ததும் நிறுத்து எடுத்ததும்

இறால் கம்பெனியில் ஹில்டாவின் வேலை கவுண்ட் பார்ப்பது. ஒரு கிலோவுக்கு எத்தனை இறால் நிற்கிறது என்பதுதான் கவுண்ட். முப்பது நின்றால் பெரியது, அறுபது நின்றால் சின்னது. எண் ஏற ஏற உருப்படி சிறுக்கும், விலையும் இறங்கும். கையுறைக்குள் விரல் மரத்துப்போகும் வரை ஐஸில் கிடக்கும் இறாலை எடுத்து, நிறுத்து, எண்ணிச் சொல்ல வேண்டும். பிறகு வாங்குபவரின் ஆள் வந்து இன்னொரு முறை எண்ணுவார். இரண்டு எண்ணும் ஒத்துப்போக வேண்டும். ஹில்டாவின் எண் அநேகமாக ஒத்துப்போகும்.

பிறந்தது மணப்பாடு. பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுத்துத் தேறினாள். அதற்கு மேல் படிக்கவில்லை. கணவர் ஃபிராங்க்ளின் கப்பலில் இருக்கிறார். ஒரு முறை போனால் எட்டு ஒன்பது மாதம் வர மாட்டார். தூத்துக்குடியை ஒட்டிய மாப்பிள்ளையூரணியில் வாடகை வீட்டில் ஹில்டாவும் மகள் ஷெர்லினும்தான்.

கொரோனாவில் பள்ளிக்கூடம் மூடியபோது ஷெர்லின் ஆறாம் வகுப்பு. பாடங்கள் வாட்ஸப்பில் வீடியோ இணைப்புகளாக வந்தன. மகளுக்கு விளங்கவில்லை என்று ஹில்டா அவற்றை முதலில் தானே பார்க்கத் தொடங்கினாள். ஒரு கணக்கு வந்தால் படத்தை நிறுத்திவிட்டுத் தாளில் போட்டுப் பார்ப்பாள், பிறகு ஓட விடுவாள். விடை ஒத்துவராவிட்டால் முதலிலிருந்து பார்ப்பாள். ஆங்கிலத்தில் இருந்த தளங்களையும் விடவில்லை. அவற்றில் கம்பியை இழுத்தால் ஊசல் ஆடும், கோணத்தை மாற்றினால் ஒளி வளையும். சொல் புரியாத இடத்தில் படத்தைப் பார்த்துப் பிடித்துக்கொண்டாள். பார்த்ததைத் தன் பேச்சில் குரல் செய்தியாக்கித் தெருப் பிள்ளைகளுக்கு அனுப்பினாள். பின்னத்துக்கு இறால், விகிதத்துக்கு ஐஸும் உப்பும், சாய்தளத்துக்குப் படகை மேலே ஏற்றும் பலகை. இரண்டு முறை போட்டுப் பார்க்காத எதையும் அனுப்பியதில்லை. பள்ளிகள் திறந்த பிறகும் அந்தக் குரல் செய்திகள் மணப்பாடு வரைக்கும் கைமாறிக்கொண்டிருந்தன.

அவற்றில் ஒன்று ஜெஸ்மியின் போனுக்கும் போய்ச் சேர்ந்தது. ஜெஸ்மி நாசரேத்துக்காரி, கணக்கு டீச்சராக இருந்தவள். ஓர் அறக்கட்டளைக்காகக் கடற்கரைப் பள்ளிகளுக்கென்று இணையத்தில் கணக்கு, அறிவியல் பாடங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கே வந்து ஹில்டாவைக் கேட்டாள். முதலில் ஒரே ஒரு பாடம், சராசரி. அது சரியாக வந்தால் ஒரு கல்வியாண்டு முழுவதற்கும் வேலை. ஐஸில் கை வைக்க வேண்டியதில்லை, தன் போக்கிலேயே சொல்லலாம். ஹில்டா சரி என்றாள். கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனாலும் பக்கத்து மேசை தங்கத்தாய்க்கு மறுநாளே தெரிந்துவிட்டது.

பாடத்தின் கடைசியில் வேகக் கணக்கு ஒன்று வைத்தாள். தூத்துக்குடியிலிருந்து மணப்பாட்டுக்கு அறுபது கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஐஸ் ஏற்றிய வேன் போகும்போது மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகம். மீன் கெட்டுப்போவதற்குள் வர வேண்டும் என்று திரும்பும்போது அறுபது. சராசரி வேகம் என்ன? முப்பது கவுண்ட் இறாலையும் அறுபது கவுண்ட் இறாலையும் கலந்தால் நாற்பத்தைந்து கவுண்ட்; இதுவும் அதே போலத்தான், நாற்பத்தைந்து என்று முடித்தாள். வழக்கம்போல இரண்டு முறை போட்டுப் பார்த்திருந்தாள். இரண்டு முறையும் இறாலை வைத்தே போட்டாள்.

பாடம் பள்ளிகளுக்குப் போயிற்று. அடுத்து வந்த தேர்வில் அதே எண்களில் ஒரு கணக்கு இருந்தது. பிள்ளைகள் கூட்டாக ஒரே தவறைச் செய்திருந்தார்கள். சிலர் ஓரத்தில் இறால் படம்கூட வரைந்திருந்தார்கள். ஜெஸ்மி போனில் அழைத்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அந்த வேன் கணக்குக்கு விடை நாற்பது. போக ரெண்டு மணி நேரம், வர ஒரு மணி நேரம். நூற்றிருபதை மூணால வகுக்கணும்."

ஹில்டா பேனாவை எடுத்தாள். தாளில் போட்டுப் பார்த்தாள். நாற்பதுதான்.

"றால்ல நாப்பத்தஞ்சுதான் டீச்சர் வருது. அது ஒருநாளும் பொய் சொன்னதில்ல."

"றால்ல சரியா இருக்கும். வேன்ல அப்படி வரலையே."

அறக்கட்டளையில் பேசி முடித்திருந்ததையும் ஜெஸ்மி மறைக்கவில்லை. ஹில்டாவின் குரல் அவர்களுக்கு வேண்டும், ஆனால் இனி எழுதிக் கொடுப்பதை அப்படியே வாசித்தால் போதும் என்கிறார்கள். இறால், வேன், பலகை எதுவும் வேண்டாம். ஹில்டா ஒரு வாரம் அவகாசம் கேட்டாள். இறால் எந்த இடத்தில் பிசகியது என்று தன்னால் சொல்ல முடிந்தால் தன் போக்கில் சொல்ல விட வேண்டும். முடியாவிட்டால் வாசித்துவிட்டுப் போகிறேன் என்றாள். ஜெஸ்மி ஒத்துக்கொண்டாள்.

சரியான விடை தெரிந்தது அவளுக்குப் போதவில்லை. சூத்திரத்தை விளக்கும் பாடங்கள் இணையத்தில் வேண்டிய மட்டும் கிடைத்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாவற்றிலும் ரயிலும் காரும் ஓடின. இறால் ஏன் வேறு விடை சொல்கிறது என்று அவற்றில் எதுவும் சொல்லவில்லை.

அந்த வாரத்தில் ஓர் ஓட்டலிலிருந்து கலப்புப் பெட்டி கேட்டிருந்தார்கள். முப்பதும் அறுபதும் பாதிக்குப் பாதி. சூப்பர்வைசர் சங்கரபாண்டியன் பெட்டியில் ஒட்ட நாற்பத்தைந்து என்று சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். தங்கத்தாயின் மேசைத் தராசைப் பழுது பார்க்க எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அவள் தன் பாட்டில் கலந்து வைத்தாள். சங்கரபாண்டியன் திரும்பி வந்து வேறு தராசில் வைத்துப் பார்த்தார். மூன்று கிலோ, நூற்றிருபது உருப்படி. அவருக்கு முகம் மாறிவிட்டது.

"நாப்பத்தஞ்சு வரணும், நாப்பது வருது. பெருசா அள்ளிப் போட்டிருக்கே. ஓட்டல்காரன் உனக்கு மச்சானா?"

"அண்ணாச்சி, பெருசுல அறுவது, சிறுசுல அறுவது. பாதிக்குப் பாதிதான். எண்ணிப் பாரும்."

நாற்பது என்ற சொல்லைக் கேட்டதும் ஹில்டா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். அந்த மேசைக்குப் போனாள்.

"ஏளா, எண்ணி எடுத்தியா, நிறுத்து எடுத்தியா?"

"தராசைத் தூக்கிட்டுப் போயிட்டு நிறுக்கச் சொன்னா எங்கன நிறுக்க, என் தலையிலயா? எண்ணித்தான் எடுத்தேன்."

ஹில்டா பெரியதைத் தனியாகவும் சின்னதைத் தனியாகவும் பிரித்து நிறுத்தாள். பெரியது இரண்டு கிலோ, சின்னது ஒரு கிலோ. தங்கத்தாய் ஒன்றுகூடக் கூட்டிப் போடவில்லை. கம்பெனியில் எப்போதும் கிலோ சமமாக எடுத்துத்தான் கலப்பார்கள். அதனால் இரண்டு கவுண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் போதும், தவறாது. உருப்படியைச் சமமாக எடுத்தால் பெரிய இறால் கூடுதல் கிலோவைப் பிடித்துக்கொள்ளும், சராசரி அதன் பக்கம் சாயும். வேனும் அப்படித்தான். போக வர கிலோமீட்டர் சமம், நேரம் சமமில்லை. மெதுவாகப் போன பாதைதான் இரண்டு மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டது. வேனை அவள் நிறுத்துப் போட்டிருந்தாள். எண்ணிப் போட வேண்டிய கணக்கு அது.

இதைச் சங்கரபாண்டியனிடம் சுருக்கமாகச் சொன்னாள். அவர் முழுவதும் கேட்கவில்லை. பெட்டியைப் பிரித்து நிறுத்துக் கலக்கச் சொல்லிவிட்டுப் போனார். தங்கத்தாயிடம் மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

அன்று மாலை ஹில்டா அடுக்களைக் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்தாள். தான் போன முறை சொன்ன விடை தவறு என்று தொடங்கி, ஒரு கம்பெனியில் தங்கத்தாய் என்றொருத்தி தராசு இல்லாமல் இறால் கலந்த கதையைச் சொன்னாள். எந்தச் சராசரிக் கணக்கு வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் என்று முடித்தாள்: எண்ணி எடுத்தியா, நிறுத்து எடுத்தியா?

ஜெஸ்மி அதைக் கேட்டுவிட்டுப் பழைய பதிவை அழித்துவிடலாம் என்றாள். ஹில்டா வேண்டாம் என்றாள்.

"அழிச்சிட்டா, அதைக் கேட்டு நாப்பத்தஞ்சுன்னு எழுதுன பிள்ளைகளுக்கு எங்கன தப்புனோம்னு தெரியாது டீச்சர். ரெண்டும் அடுத்தடுத்து கிடக்கட்டும்."

அறக்கட்டளையில் இதற்குக் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. பிழையான பாடத்தைத் தெரிந்தே யாராவது வைத்திருப்பார்களா என்று கேட்டார்கள். கடைசியில் இரண்டையும் வைத்தார்கள். ஹில்டாவுக்கு அந்தக் கல்வியாண்டு முழுவதற்கும் வேலை கொடுத்தார்கள், அவள் போக்கிலேயே. ஒரு நிபந்தனை மட்டும் வந்தது. விடையை இரண்டாம் முறை போடும்போது வேறு வழியில் போட வேண்டும். அது தனக்கே தோன்றியிருக்க வேண்டியது என்றாள் ஹில்டா.

கம்பெனியில் கையுறையைத் திருப்பிக் கொடுத்த அன்று தங்கத்தாய் ஒரு குறை சொன்னாள். தெருப் பிள்ளைகள் தன்னைக் கண்டால் எண்ணி எடுத்தியா என்று கேட்கிறார்களாம்.

"ஊரெல்லாம் என் பேரைச் சொல்லி வேலை வாங்கிட்ட. எனக்கு ஒரு தராசாவது வாங்கித் தந்துட்டுப் போளா."

அடுத்த தேர்வில் அதே கணக்குக்குப் பெரும்பாலான பிள்ளைகள் நாற்பது என்று சரியாக எழுதியிருப்பதாக ஜெஸ்மி போனில் சொன்னாள். இன்னும் நாற்பத்தைந்து என்று எழுதியவர்கள் யார் யார் என்று ஹில்டா கேட்டாள். ஜெஸ்மி பெயர்களை அனுப்பினாள். முதலாவது மணப்பாட்டுப் பையன், ஜாய்சன். அவன் வீட்டு போன் எண்ணை வாங்கி, பள்ளி விடும் நேரம் வரை பொறுத்திருந்து, ஹில்டா அழைத்தாள்.