கடைசி வரிசையில் ஒரு தாய்மாமன்

நினைவு தெரிந்த நாளிலிருந்து ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற ஆள் நான். அதனால் எனக்குப் புத்தி வந்திருக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பெசன்ட் நகரில் எங்கள் பங்குக் கோயிலில் வாசகம் படிக்கிறவர்களில் நானும் ஒருவன். வாசகம் படிப்பவர்களுக்கு முதல் பெஞ்சில் இடம் உண்டு. மைக் வரைக்கும் நாலு எட்டு நடந்தால் போதும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. ஆனாலும் நான் அதை ஒரு பதவியாகவே இத்தனை வருடமும் அனுபவித்து வந்தேன். விருந்துக்குப் போனால் முதலிடத்தில் போய் உட்காராதே என்கிற உவமையையும் அந்த முதல் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டுதான் கேட்டேன்.

உவமை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கல்யாண விருந்துக்குப் போகிறவன் நேராக முன்னால் போய் உட்கார்ந்துவிட்டால், அவனைவிடப் பெரிய மனிதர் ஒருவர் வந்து சேருவார். வீட்டுக்காரர் இவனை எழுப்பிப் பின்னால் அனுப்புவார். மானம் போகும். அதற்குப் பதிலாகக் கடைசி இடத்தில் உட்கார்ந்தால், வீட்டுக்காரரே தேடி வந்து முன்னால் அழைத்துப் போவார். எல்லார் கண் முன்னாலும் பெருமை கிடைக்கும். சாப்பாட்டு வீட்டில் இடம் பிடிக்க முண்டியடித்தவர்களைப் பார்த்துத்தான் இயேசு இதைச் சொன்னார்.

ஃபாதர் தாழ்மையைப் பற்றி இருபது நிமிடம் பிரசங்கம் செய்தார். அது எனக்குள் ஏறவே இல்லை. என் மண்டையில் ஏறியது கதையின் பின்பாதி மட்டும்தான். வீட்டுக்காரரே தேடி வருவாராம், எல்லார் கண் முன்னாலும் அழைத்துப் போவாராம். அடடா, எவ்வளவு அருமையான ஏற்பாடு என்று தோன்றியது.

ஏனென்றால் இன்னும் பன்னிரண்டு நாளில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். அவளுக்கு நான் ஒரே தாய்மாமன். தங்கை மேல் எனக்குத் தீராத கோபம்.

மாப்பிள்ளை பார்த்து, பேசி, கோயிலில் தேதி வாங்கி எல்லாம் முடித்த பிறகுதான் எனக்கு ஃபோன் செய்தாள். "அண்ணா, முடிவாயிடுச்சுண்ணா, நல்ல பையன்" என்றாள். அடையாறில் அவளுக்கு ரவிக்கை தைக்கும் டெய்லருக்கு அதற்கு முந்தின நாளே விஷயம் தெரிந்திருந்தது. அவர் என்னை நடுரோட்டில் நிறுத்திக் கைகொடுத்து வாழ்த்தினார். எனக்கு எல்லாம் தெரியும் என்கிற மாதிரி சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

எங்கள் குடும்பத்தில் தாய்மாமன் என்றால் லேசுப்பட்டவன் இல்லை. காலையில் கோயிலில் ஃபாதர் தாலியை மந்திரித்துக் கொடுத்து, மாப்பிள்ளை கட்டி, கையெழுத்துப் போட்டு எல்லாம் ஆகியிருக்கும். ஆனாலும் சாயங்கால வரவேற்பில் மாமன் மேடையேறிப் பெண்ணின் கழுத்தில் சங்கிலி போட்ட பிறகுதான் கேக் வெட்டுவார்கள். திருமுழுக்கு வாங்கி எத்தனையோ தலைமுறை ஆகியும் இந்த ஒன்றை மட்டும் நாங்கள் விடவில்லை. அந்தச் சங்கிலியைப் போடுவதற்கு முன்னால், என் தங்கை மண்டபம் பூராவும் பார்க்க நடந்து வந்து என்னைக் கூப்பிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு வழி கோயிலிலேயே கிடைத்துவிட்டது.

"சங்கிலி போடுறதுக்கு எதுக்குங்க இவ்ளோ யோசன?" என்றாள் என் மனைவி. வேதத்தில் அவளுக்குத் தேர்ச்சி போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

வரவேற்பு திருவான்மியூரில் ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. மனைவி உள்ளே நுழைந்ததும் நேராக மணமகள் அறைக்குப் போய்விட்டாள். முன்னால் இரண்டு வரிசைக்குச் சோபா, அதற்குப் பின்னால் வெள்ளைத் துணி போர்த்திய பிளாஸ்டிக் நாற்காலிகள். நான் யாரையும் பார்க்காதவன் போல நடந்து கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மண்டபத்து ஆட்கள் எனக்குப் பின்னால் இன்னொரு வரிசை போட்டுவிட்டார்கள். என் தாழ்மை கடைசிக்கு முந்தின வரிசைக்கு உயர்ந்துவிட்டது. எழுந்து பின்னால் போனேன். அவர்கள் மறுபடியும் ஒரு வரிசை போட்டார்கள். மறுபடியும் எழுந்தேன். "சார், நீங்க உக்காந்துட்டா சொல்லுங்க, அப்புறமா போடுறோம்" என்றார் அவர்களில் ஒருவர்.

உவமையில் இல்லாத ஒரு சிக்கலும் வந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாரும் என்னை முன்னால் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். சம்பந்தி கூப்பிட்டார், பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார், அந்த டெய்லர்கூடக் கூப்பிட்டார். எல்லாருக்கும் நெஞ்சில் கை வைத்து, "இருக்கட்டும், இங்கேயே வசதியா இருக்கு" என்று சொல்லி அனுப்பினேன். எனக்கு வேண்டிய வாய் வேறு.

அப்போது என் வீட்டுக்கும் தங்கை வீட்டுக்கும் மீன் கொண்டுவருகிற அம்மாள், குப்பத்திலிருந்து வருகிறவர், அரக்குப் பட்டுப்புடவையும் தலை நிறையப் பூவுமாக வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கும் என் வயதுதான் இருக்கும்.

"இன்னா சார், நீ இங்க குந்திக்கினு கீற? பொண்ணுக்கு மாமன் நீதான?"

"சும்மாதாம்மா. இங்கயே நல்லா இருக்கு."

"நான் காத்துக்கு வந்தேன். இங்கதான் ஃபேன் கீது, பந்திக் கதவும் கிட்டக்க கீது. நீ இன்னாத்துக்கு வந்த?"

நான் குரலைத் தாழ்த்தி, போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு கேட்ட உவமையை நினைவுபடுத்தினேன். அவரும் அதே கோயில்தான், அதே பூசைதான்.

"அத்த நானுந்தான் கேட்டேன்" என்றார். "ஆனா கடசீ இடத்துல குந்தினவன், கூப்ட வராங்களா, வராங்களான்னு கழுத்த நீட்டி நீட்டிப் பாத்துக்கினு இருந்தான்னு ஃபாதர் சொல்லவே இல்லியே சார்."

நான் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டேன். இரண்டு நிமிடம் கழித்து அது தானாகவே வெளியே வந்துவிட்டது.

மேடையில் நிகழ்ச்சி நடத்துகிறவர் மைக்கைப் பிடித்தார். "மணமகளின் பாசமிகு தாய்மாமன் அவர்களை மேடைக்கு அன்போடு அழைக்கிறோம்!" நான் அசையவில்லை. மைக்கில் கூப்பிடுவது எந்தக் கணக்கில் சேர்த்தி? சம்பளம் வாங்குகிறவர், யாரையும் கூப்பிடுவார். இரண்டாவது முறை கூப்பிட்டார். பக்கத்திலிருந்த அம்மாள் என் முழங்கையை இடித்தார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது முறை கூப்பிட்டபோது நிமிர்ந்து பார்த்தேன். மேடையில் மணப்பெண், வெளிச்சம் கூசாமலிருக்கக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு மண்டபத்தில் என்னைத் தேடிக்கொண்டிருந்தாள். எல்.கே.ஜி.யிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை என் ஸ்கூட்டரில் முன்னால் நின்றுகொண்டு பள்ளிக்கூடம் போனவள். எழுந்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் பன்னிரண்டு நாள் போட்ட திட்டம் என்னை நாற்காலியோடு பிடித்து வைத்திருந்தது. "தாய்மாமன் இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது. அதற்குள் ஒரு பாட்டு!" என்று சொல்லிவிட்டு அவர் ஒதுங்கிக்கொண்டார்.

பாட்டு தொடங்கியதும் தங்கை மேடையிலிருந்து இறங்கினாள்.

நடுவழியில் நேராக வந்தாள். சோபாக்களைத் தாண்டினாள், பத்தாவது வரிசையைத் தாண்டினாள். பார்வை எங்கள் வரிசையிலேயே இருந்தது. முகத்தைத் தயார் செய்தேன். முதலில் வியப்பு, பிறகு கொஞ்சம் மறுப்பு, கடைசியில் உனக்காகத்தான் என்கிற இணக்கம். கல்யாணத்துக்கு முந்தின வாரம் முழுவதும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பழகிய முகம் அது. அவள் பக்கத்தில் வந்ததும் நெஞ்சில் கை வைத்துப் பாதி எழுந்தேன். அவள் என்னைத் தாண்டிக் கையை நீட்டி மீன்கார அம்மாளின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, உன்ன எங்கெல்லாம் தேடுறது? இங்க வந்து ஏன் உக்காந்திருக்க? முன்னாடி வா, பாப்பா உன்னக் கேக்குறா."

"வேணாம்மா, நான் இங்கயே குந்திக்கிறேன், சாப்ட்டுப் பூட வேண்டியதான்."

"அதெல்லாம் முடியாது, எழுந்திரு."

மணப்பெண் பிறந்த சமயத்தில் தங்கைக்குப் பால் சுரக்கவில்லை. நாற்பது நாளும் விடிகாலையில் பால்சுறா கொண்டுவந்து, கழுவி, புட்டுச் செய்யப் பக்குவமாக்கிக் கொடுத்துவிட்டுப் போனவர் அந்த அம்மாள். அது எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும், கடைசி வரிசையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் கூப்பிட வருகிறவர்கள் என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று நினைத்துவிட்டேன்.

அவரை அழைத்துக்கொண்டு திரும்பிய பிறகுதான் தங்கை என்னைக் கவனித்தாள். நான் இன்னும் பாதி எழுந்தபடி, நெஞ்சில் வைத்த கையோடு நின்றுகொண்டிருந்தேன்.

"நீ என்னண்ணா இங்க உக்காந்துட்டிருக்க? நீ என்ன விருந்தாளியா?"

சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, ஆச்சரியமாகத்தான் கேட்டாள்.

அப்போதுதான் சுற்றிலும் பார்த்தேன். தங்கையின் கணவர் வாசலில் ஜெனரேட்டர்காரரோடு மல்லுக்கு நின்றார். என் மனைவி தட்டும் கையுமாக ஓடிக்கொண்டிருந்தாள். தங்கை மத்தியானத்திலிருந்து உட்காரவே இல்லையாம். எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான். உவமை விருந்தாளிகளுக்குச் சொன்னது. கல்யாண வீட்டுக்காரனுக்கு முதல் வரிசையும் கிடையாது, கடைசி வரிசையும் கிடையாது.

அந்த உவமையைப் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். முன்னிடம் கிடைக்கும் என்று ஆசை காட்டாமல் மனுஷனைப் பின்னிடத்துக்கு அனுப்ப முடியாது என்று இயேசுவுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. சிரித்துக்கொண்டேதான் சொல்லியிருப்பார். நான்தான் அதைச் சமையல் குறிப்பு மாதிரி அளவு பார்த்துச் செய்தேன்.

யாரும் கூப்பிடாமலே மேடைக்கு நடந்தேன். "இதோ வந்துவிட்டார் தாய்மாமன்!" என்று மைக் அலறியது. ஆளாளுக்குக் கைதட்டினார்கள். இப்படி ஒரு கைதட்டலுக்கு நான் திட்டம் போட்டிருக்கவில்லை.

"எங்க மாமா போயிட்டீங்க?" என்றாள் மணப்பெண். "மூணு தடவ கூப்பிட்டாங்க. நீங்க கோச்சிக்கிட்டு வரலன்னு சித்தி சொன்னாங்க. நான்தான் சொன்னேன், இல்ல, மாமா பந்தியில வேலையா இருப்பாரு, கைய கழுவிட்டு வருவாருன்னு."

சங்கிலியை அவள் கழுத்தில் போட்டுக் கொக்கியை மாட்டினேன். "ஆமாம்மா, அங்கதான் இருந்தேன்" என்றேன்.

"நான் சொன்னேன்ல?" என்று அவள் சித்தி பக்கம் திரும்பிச் சிரித்தாள். நான் வெட்கத்தில் செத்தேன்.

கேக் வெட்டும்வரைகூட நிற்காமல் பந்திக்கு ஓடினேன். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பிரியாணி வாளியைக் கேட்டேன். சமையல்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தயிர்ப் பச்சடி வாளியைத்தான் கொடுத்தார். மூன்று பந்திக்குப் பரிமாறினேன். இடுப்பு விட்டுப்போனது, பட்டு வேட்டியெல்லாம் வெங்காயம். சொன்ன பொய்யை எப்படியாவது உண்மையாக்கிவிட வேண்டும் என்பதைத் தவிர அப்போது எனக்கு வேறு நினைப்பே இல்லை. சத்தியமாக இல்லை.

மூன்றாவது பந்தி பாதியில் இருக்கும்போது வீடியோ எடுப்பவர் விளக்கைத் தூக்கிக்கொண்டு கதவு வழியாக உள்ளே வந்தார். நான் வாளியைக் கொஞ்சம் உயரமாகப் பிடித்துக்கொண்டேன்.