இரைச்சல் அடங்கிய இடம்

நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போங்கள். எனக்குக் கதை கட்டத் தெரியாது. ஒயர் பற்றவைக்கத்தான் தெரியும். பட்டப்பகலில், என் ரிப்பேர் கடையில், என் கண் முன்னால் நடந்தது இது.

தம்பி ஒரு பழைய பேஸ் கிட்டாரை வாங்கிக்கொண்டு வந்தான். மறுநாள் ஒரு பெரிய இசைக்குழுவில் அவனுக்குத் தேர்வு. நாயாக அலைந்து கிடைத்த வாய்ப்பு.

"இதுல பிக்கப் செத்துப்போச்சுக்கா. புதுசு மாட்டிக் குடு."

"ஓசி வேலைன்னா மட்டும் அக்கா ஞாபகம் வந்துடும்."

கம்பியின் அதிர்வைப் பிடித்து ஆம்பிளிபயருக்கு அனுப்பும் காந்தம்தான் பிக்கப். கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் ஓரம் வைத்தால் சத்தம் கூர்மையாக வரும். கழுத்துப் பக்கம் வைத்தால் கனமாக வரும். இதில் கழுத்துப் பக்கக் குழியை யாரோ மரத்தூளும் பசையும் போட்டு அடைத்திருந்தார்கள். தம்பிக்குக் கனமான சத்தம்தான் வேண்டுமாம். சுரண்டி எடுத்தேன்.

புதுப் பிக்கப்பை முதலில் பிரிட்ஜ் ஓரம் வைத்துப் பார்த்தேன். ஙொய்ங்ங்... என்று இரைச்சல். அது வழக்கம்தான். எர்த் ஒயர் கொடுத்துவிட்டுக் கம்பியில் கை வைத்தால் அடங்கிவிடும். நான் இன்னும் கொடுக்கவில்லை.

கழுத்துப் பக்கம் நகர்த்தினேன். இரைச்சல்... நின்றது.

பின்னால் இழுத்தேன். ஙொய்ங்ங்... முன்னால் தள்ளினேன். மயான அமைதி.

"சூப்பர்க்கா! இங்கயே வெச்சிடு!"

எனக்கும் வாயெல்லாம் பல். அங்கேயே திருகிவிட்டேன். எர்த் ஒயரைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது. எர்த்தும் இல்லை, கம்பியில் யார் கையும் இல்லை. பிறகு எப்படி அடங்கியது?

"டேய், தொடாத..."

பேஸ் வாசிப்பவர்கள் கட்டைவிரலைப் பிக்கப் மேல்தான் ஊன்றுவார்கள். அவன் ஊன்றிவிட்டான்.

டும்... டும்...

"அக்கா... நான் வாசிக்கலக்கா."

விரல்கள் தாமாக ஓடின. வேகம் கூடியது. தோல் கிழிந்தது. ரத்தம்.

"கைய எடுடா!"

"வரல... யாரோ புடிச்சு..."

பிளக்கைப் பிடுங்கினேன்.

டும்... டும்... டும்...

கட்டரை எடுத்தேன். ஒரு கம்பி. இரண்டு. மூன்று.

நாலாவது அறுந்ததும் அவன் கை தொங்கியது.

மூன்று விரல்கள் அசையவில்லை. நரம்பில் பழுதே இல்லை, ஏன் என்று புரியவில்லை என்றார் டாக்டர். தேர்வுக்கு வேறொருவன் போனான். தம்பி சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான்.

கிட்டாரை விற்றவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவிதான் வந்தாள்.

"அந்தக் குழிய அடைச்சது யாரு?"

"அவருதான். அதுல வாசிக்கப் போய்த்தான் அவருக்கும் மூணு விரல் செத்துப்போச்சு. இத்தன வருஷமா நான்தான் சோறு ஊட்டினேன்."

"தெரிஞ்சேதான் வித்தீங்களா?"

அவள் சிரித்தாள். "வெள்ளிக்கிழமை மத்தியானம் திடீர்னு அவரே சட்டைப் பட்டன் போட்டாருங்க."

என் கடையில் தம்பி அலறியதும் அதே வெள்ளிக்கிழமை மத்தியானம்தான்.

கதவைச் சாத்தும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அழாதீங்க. வேற யாருக்காவது வித்துடுங்க."

போன வாரம் பேஸ் கிட்டார் கேட்டு ஒரு காலேஜ் பெண் வந்தாள். நல்ல பெண். புதுக் கம்பி மாட்டி, துடைத்து, நானே அவள் கையில் கொடுத்தேன். எனக்கு இருப்பது ஒரே தம்பி.