ஆஞ்சியோவுக்குப் போன பஸ்ஸில்

2005-ல் ஒரு காலை, இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஆஞ்சியோவுக்காக, மரக்காணத்தில் வெறும் வயிற்றோடு பாண்டி பஸ் ஏறினேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த ஓர் அம்மா உப்பளத்தில் வேலை செய்பவர். உப்புத் தண்ணீரில் வெடித்த பாதங்கள், நெற்றி நிறையக் குங்குமம். பேசும்போதெல்லாம் என் முழங்காலைத் தட்டினார். அவர் நீட்டிய வேர்க்கடலையை மறுத்து, காரணத்தைச் சொன்னேன்.

“ஆஞ்சியோவா? எனக்குப் போன மாசந்தான் எடுத்தாங்க. தொடையில மரத்துப்போற ஊசி போட்டு, சன்னமா ஒரு டியூப்பு வுடுவாங்க. அவ்ளோ வலிக்காது. மருந்து உள்ள போறப்ப உடம்பெல்லாம் குப்புன்னு சூடாவும். ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரியே இருக்கும். போயிருக்க மாட்டம்மா, பயப்படாத!”

முன் சீட்டு ஆண்களெல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

“அப்பறம் காலை மடக்காம அஞ்சாறு மணி நேரம் படுத்துக்கினு இருக்கணும். அதாம்மா பேஜாரு.”

ஆஸ்பத்திரியில் ஆஞ்சியோ மேசையில் அந்தச் சூடு அவர் சொன்னபடியே வந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். டாக்டர் பதறிப்போய், “என்னம்மா ஆச்சு?” என்றார்.

பெரிய அடைப்பு இல்லை, மாத்திரையே போதும் என்றார்கள். காலை நீட்டிப் படுத்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அந்த அம்மாவின் ஆஞ்சியோவில் என்ன தெரிந்தது என்று நான் கேட்கவே இல்லை.