யார் வைத்த ஐந்து நாள்?

கருவாட்டுக் கடகத்தை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, லூர்த்தம்மா நேரே உள்ளே போய் வாங்கில் உட்கார்ந்துவிடுவாள். திங்கட்கிழமைதோறும் இது நடக்கும். இறங்குதுறையில் இருக்கும் தொற்றுநோய்த் தடுப்புக் கந்தோரில், இந்தியக் கரையிலிருந்து வருகிறவர்களைச் சோதிப்பதற்காகப் போட்ட வாங்கு அது. அவள் குருநகரை விட்டு எங்கும் போனவள் அல்லள். டொக்டர் கனகரத்தினம் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருப்பார். கருவாட்டு வாசனை மேசையை எட்டும்போது தோற்றுப்போவார்.

"என்னணை வேணும்?"

"அதேதான் ஐயா. உந்த அஞ்சு நாளை ஆர் வைச்சது?"

சென்ற மாசி மாதம் அவள் புருஷன் சிமியோன் தொண்டியிலிருந்து தோணியில் வந்தான். மகள் மார்கிரட்டின் கலியாணத்துக்கு இன்னும் நான்கு நாள். கூறைப் புடவை அவன் பெட்டிக்குள் இருந்தது. அந்தக் கரையில் வாந்திபேதி பரவியிருந்ததால் தோணியில் மஞ்சள் கொடி ஏற்றி, ஐந்து நாள் கரைக்கு வரக்கூடாது என்றார்கள். டொக்டரே வள்ளத்தில் போய்ப் பார்த்தார். ஒருவனுக்குத் தும்மல் தடிமன்கூட இல்லை. கலியாணத்தைத் தள்ளிவைக்கவும் வழியில்லை. கலியாண நாள் கழிந்து இரண்டு நாளில் தவசு காலம் தொடங்குகிறது; பிறகு பாஸ்கு வரை கோயிலில் தாலி கட்ட விடமாட்டார்கள். மாப்பிள்ளை மலாயாவுக்குக் கப்பலேற நாள் குறித்தாயிற்று. இரவல் கூறையோடு மார்கிரட் கோயிலுக்குப் போனாள். மணி அடித்தபோது சிமியோன் தோணியில் எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டதைக் கரையிலிருந்து பார்த்தவள் லூர்த்தம்மா. மறுநாள் விடிய அவனை இறக்கிவிட்டார்கள்.

அவன் அதை மறந்துவிட்டான். "நடந்தது நடந்து போச்சு, விடு" என்பான். அவளால் முடியவில்லை.

"வருத்தம் பரவாமல் மறிக்கிறது நல்ல வேலைதான் ஐயா. நான் அதைக் கேக்கேல்லை. சுகமாய் நிக்கிற மனுசனை நாலாம் நாள் விட்டால் என்ன எண்டு ஆரிட்டைக் கேக்கிறது?"

"அது என்ரை கையிலை இல்லையணை. பாரிஸிலை கன தேசத்தார் கூடிச் செய்த ஒப்பந்தம்."

"எங்கடை பக்கத்தாலை ஆர் போனது?"

"இங்கிலீசுக்காரர் எங்களுக்கும் சேர்த்துக் கையெழுத்து வைச்சவை."

"அவையை ஆர் அனுப்பினது?"

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். சட்டசபைத் தேர்தலில் அவளும் வரிசையில் நின்று, ஆளுக்கொரு நிறமாய் வைத்த பெட்டிகளில் பச்சைப் பெட்டியில் சீட்டுப் போட்டவள். வென்ற கனவானின் வீட்டுக்கும் போய்வந்தாள். அவர் பொறுமையாகக் கேட்டு, இதெல்லாம் சபைக்கு வருகிற விஷயம் இல்லை என்று சொல்லி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார். "அவருக்கே தெரியாதாம். பிறகேன் என்னை வெய்யிலிலை நிக்க வைச்சவை?" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஊராருக்கு மனு, பெட்டிசம் எழுதும் கிறகோரி மட்டும் அவளிடம் சலித்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு பெட்டிசத்துக்கும் அரை இறாத்தல் நெத்தலி கிடைக்கிறது. கொழும்புக்கு எழுதினார்கள். லண்டனுக்கு எழுதச் சொல்லிப் பதில் வந்தது. லண்டன், பாரிஸில் அந்த ஒப்பந்தத்தைப் பார்க்கும் கந்தோரைக் காட்டியது. அங்கிருந்து ஏழு மாதம் கழித்து, வழுவழுப்பான காகிதத்தில் ஒரு கடிதம் வந்தது. கிறகோரி அதை இரண்டு தரம் வாசித்தார். மூன்றாம் தரம் வாசிக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"என்னவாம்?"

"இப்பிடியான முறைப்பாடுகளை அந்தந்த ஊர்த் தொற்றுநோய்க் கந்தோர் வழியாய் அனுப்பட்டாம், அக்கா."

லூர்த்தம்மா சிரிக்கவில்லை. அன்று திங்கட்கிழமையும் இல்லை. கடகமில்லாமல் கந்தோருக்குப் போய், வாங்கைக் கடந்து, முதன்முறையாக மேசைக்கு முன்னால் நின்றாள். டொக்டர் கடிதத்தை வாசித்தார். உறையைத் திருப்பிப் பார்த்தார்.

அவள் அவருடைய மைக்கூட்டை அருகே இழுத்தாள். பேனையை எடுத்து மையில் தோய்த்து, சொட்டாமல் விளிம்பில் ஒருமுறை வழித்து, அவர் பக்கமாக நீட்டினாள்.